பலகை பிடிக்கிறவள் மாளிகைக்குள் போன நாள்

1

இருபத்தைந்து வருடம் ஒருத்தியோடு குடும்பம் நடத்திய பிறகும், கலியாணநாள் எதுவென்று பக்கத்து வீட்டு டேனிஷ்காரி வந்து சொல்லித்தான் ஒருவனுக்குத் தெரியவேண்டியிருந்தால், அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதைத் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவன் நான்தான்.

சென்ற யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. வாசலில் ஆட்கள் கூட்டமாகப் பாடும் சத்தம் கேட்டது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். பதினைந்து பேர் நின்றார்கள். என் வாசல் நிலையைச் சுற்றிப் பச்சைக் கொப்புகளால் ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். அதன் உச்சியில் வெள்ளித்தாளில் வெட்டிய 25 ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்று எல்லோரையும்விட உரத்துப் பாடியவர் பக்கத்து வீட்டு கிர்ஸ்டன். ஓய்வுபெற்ற தபால்காரி. எங்கள் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

இது இந்த நாட்டு வழக்கம். கலியாணம் செய்து இருபத்தைந்து வருடம் நிறைந்தால், அயலவர்கள் விடியவே வந்து வாசலில் பச்சை வளைவு கட்டிப் பாடுவார்கள். தம்பதிகள் நித்திரை உடுப்போடு வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவர்கள்போல் வியந்து, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக் காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இதில் நான் செய்யவேண்டியிருந்தது சிரிப்பது மட்டும்தான். அதுகூட என்னால் முடியவில்லை.

"மன்னிக்க வேண்டும்," என்று என் திருத்தமான டேனிஷில் தொடங்கினேன். "எங்களுக்கு இருபத்தைந்து நிறைவது அடுத்த வருடம் ஆகஸ்டில். நீங்கள் பதினான்கு மாதம் முந்தி வந்துவிட்டீர்கள்."

பாட்டு அரைவாசியில் நின்றது. கிர்ஸ்டனின் முகம் சிவந்தது. "உன் மகள்தான் சொன்னாள். கலியாணப் பத்திரத்தில் இன்றைய தேதி இருக்கிறதாம்," என்றார். எங்கள் மகள் ஆரணி ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள். அவளுக்கு ஏதோ விண்ணப்பத்துக்கென்று அதற்கு முந்திய மாதம் அந்தப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி வதனி எனக்குப் பின்னால் நின்றாள். குளித்து, தலை துவட்டி, மஞ்சள் சேலை உடுத்தியிருந்தாள். சனிக்கிழமை காலையில் இவளுக்கு ஏன் சேலை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றி, பாண் வெட்டி, கிர்ஸ்டனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

2

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குக் கலியாணம் இரண்டு துண்டு. ஒன்று எழுத்து, அதாவது பதிவு. மற்றது தாலி. ஊரில் இருந்தால் இரண்டும் ஒரே கிழமையில் முடிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு தூதரகமும் ஒரு கொமூனவும் குந்திக்கொண்டிருந்தன. கொமூன என்பது இங்கே நகரசபை. பிறந்தாலும் வீடு மாறினாலும் செத்தாலும் அவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சண்டைக் காலம். நான் அகதியாக வந்தவன், யாழ்ப்பாணம் போக முடியாது. வதனி கொழும்புக்கு வந்தாள். வெள்ளவத்தையில் மின்விசிறி ஓடாத ஓர் அறையில், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டோம். பத்து நாளில் நான் திரும்பி வந்துவிட்டேன். பிறகு பத்திரம், பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரை தெளிவில்லை என்று ஒரு கடிதம். பதினான்கு மாதம். அதுவரை வதனி தன் சின்னம்மா வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். வந்து இறங்கிய கிழமையே இங்கே பக்கத்து ஊர் ஹ்விடோவ்ரேயில் ஒரு பாடசாலை விளையாட்டு மண்டபத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தாலி கட்டினேன். அல்பம், வீடியோ, நானூறு பேர் சாப்பாடு, எல்லாம் அந்த நாளில்தான். ஆகவே கலியாணநாள் என்றால் எனக்கு ஆவணி.

ஒருமுறை கொமூன அலுவலகத்தில் ஒரு பெண் திருமணத் தேதி கேட்டபோது இரண்டையும் சொன்னேன். அவர் தட்டச்சை நிறுத்தினார். "இரண்டு தடவையா?" என்றார். "ஓம்." "ஒரே பெண்ணையா?" "ஓம், அதே ஆள்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு முதல் தேதியை மட்டும் பதிந்தார். இந்தக் கதையை நான் எத்தனையோ விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். வதனி அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அயலவர்கள் போனதும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"இஞ்சேரும், கோபமே?"

"கோபமில்லை. ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. அந்தப் பதினாலு மாசமும் நான் ஆர்?"

"இதென்ன கேள்வி?"

"வெள்ளவத்தையில சின்னம்மா வீட்டில இருந்தனே, அப்ப நான் உங்கட மனுசியோ, இல்லாட்டி ஆரோ ஒரு பெட்டையோ? கதவு தட்டினா ஆமியெண்டு பயம். தபால்காரன் வராட்டிலும் பயம். சின்னம்மா வீட்டுக்கு வாற சனமெல்லாம் என்ர கழுத்தைத்தான் பாக்கும். ஆரும் கேட்டா, நான் கலியாணம் முடிச்சனான், அவர் டென்மார்க்கில எண்டு சொன்னனான். பொய்யே சொன்னனான்?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். நான், "எழுத்து பேப்பர்தானே வதனி. தாலி கட்டினதுதானே கலியாணம்," என்றேன்.

அவள் கையைத் துடைத்தாள். "சரி. இண்டைக்குப் படமெடுக்க ஒத்துக்கொண்டிட்டியள், நான் வாறன். ஆனா இதுதான் கடைசி. இனிப் பலகை பிடிக்க என்னைக் கூப்பிடாதேங்கோ."

3

பலகை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வார நாட்களில் நான் ஒரு பாண் தொழிற்சாலையில் அடுப்புப் பகுதியில் வேலை. சனி, ஞாயிறுகளில் கமரா. டென்மார்க்கில் தமிழர் வீட்டுக் கலியாணம், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று இருபத்திரண்டு வருடமாக எடுக்கிறேன். வெளிப்புறப் படத்துக்கு வெயிலைப் பொம்பிளையின், அதாவது மணப்பெண்ணின், முகத்தில் திருப்பிவிட ஒரு வெள்ளிப்பலகை வேண்டும். அதைப் பிடிக்கிறவள் வதனி. முதல் பலகையை அவளே செய்தாள், ரீவி வந்த பெட்டியின் மட்டையில் சமையல் வெள்ளித்தாளை ஒட்டி. கிழமை முழுவதும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, சனிக்கிழமை வந்து அதைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

எங்கள் ஆட்களுக்கு அல்பத்தில் ஒரு மாளிகை வேண்டும். கோயிலில் தாலி, மண்டபத்தில் சாப்பாடு, மாளிகைக்கு முன்னால் படம். இது ஏறக்குறைய சடங்காகவே ஆகிவிட்டது. டென்மார்க்கின் பெயர்பெற்ற மாளிகைகளுக்குப் போனால் அங்கே ஏற்கனவே இரண்டு பொம்பிளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் கடல்பாலம் தாண்டி ஸ்வீடனில் வழி தவறியபோது எனக்கு இது அகப்பட்டது. பாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம். இருபுறமும் லிண்டன் மரங்கள் நிற்கும் நேரான பாதை. அதன் முடிவில் அகழிக்கு நடுவே செங்கல் மாளிகை. படிப்படியாக ஏறி உச்சியைத் தொட்டுப் படிப்படியாக இறங்கும் முகப்பு. தண்ணீரில் அதே முகப்பு தலைகீழாக. யூனில் கரை முழுவதும் ஊதாப் பூ. பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த சனிக்கிழமை ஹ்விடோவ்ரேயிலிருந்து பத்துக் கமராக்காரர் போய் நிற்பார்கள்.

அது அரசாங்கத்துச் சொத்து என்றுதான் நினைத்திருந்தேன். டென்மார்க்கில் அரண்மனைத் தோட்டங்களுக்குள் யாரும் போகலாம், வரலாம். ஆகவே பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு உரிமையோடு போவேன். சிலவேளை இறப்பர்ச் சப்பாத்துப் போட்ட ஒரு வயதான பெண் கைவண்டியில் குப்பை தள்ளிக்கொண்டு வருவார். படத்தில் விழுகிறார் என்று கையசைத்து விலகச் சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்.

இருபத்திரண்டு வருடம் அந்த மாளிகையைப் படமெடுத்தவனுக்கு, அதை யார் கட்டினார்கள், உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது. உள்ளே போய்ப் பார்ப்போமா என்று வதனி பலமுறை கேட்டிருக்கிறாள். வெளிச்சம் போய்விடும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

4

அன்றைய தம்பதிகள் ஒரு புதுத் தினுசு. நிலானி ஹ்விடோவ்ரேயில் பிறந்த எங்கள் பெட்டை. கார்த்திக் கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். காரில் வதனி முன் ஆசனத்தில் உட்கார்ந்து யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் அவர்கள் இருவரும் டேனிஷ், ஆங்கிலம், இரண்டு ஊர்த் தமிழ் எல்லாவற்றையும் கலந்து கொஞ்சிக்கொண்டு வந்தார்கள்.

"அங்கிள், ஆன்ட்டி ஏன் ரொம்ப சைலன்ட்டா இருக்காங்க?" என்று கேட்டார் கார்த்திக்.

"களைப்பு," என்றேன்.

"களைப்பில்லை தம்பி," என்றாள் வதனி. "இண்டைக்கு எங்கட கலியாணநாள். மாமாவுக்கு அது அடுத்த வருசம்."

பின்னாலிருந்து நிலானி மெல்ல, "மாமா, அது சரியில்லை," என்றாள். பாலத்தில் வேகத்தைக் கூட்டினேன்.

மாளிகை வாசலில் அன்று வழக்கமில்லாத ஓர் அறிவிப்புத் தட்டி. வருடத்தில் சில நாட்கள் மட்டும் பார்வையாளருக்குத் திறப்பார்களாம், அன்று அப்படியொரு நாள். பதினொரு மணிக்குச் சுற்றிக் காட்டுவார்கள். தோட்டத்தில் வாஃபிள் சுடும் வாசம் வந்தது. படிகளில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

நான் கமராவைப் பொருத்தி, பொம்பிளையின் சேலைத் தலைப்பைச் சரிபார்த்து, "வதனி, கொஞ்சம் இடப்பக்கம்," என்றேன். வெளிச்சம் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் பலகையை மரத்தடியில் சாத்திவைத்துவிட்டு, மஞ்சள் சேலையோடு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறாள்.

"வதனி! வெளிச்சம் இருக்கேக்க..."

"நான் உள்ள போறன்," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்கள் வந்தா வாங்கோ, வராட்டி நில்லுங்கோ."

பலகையைக் கார்த்திக்கிடம் கொடுத்தேன். மாப்பிள்ளையே பலகை பிடித்தால் படத்தில் யார் நிற்பது? பொம்பிளை மட்டும் நிற்கட்டும் என்றேன். காற்று அடித்தது. பலகை கார்த்திக்கின் தலைப்பாகையைத் தட்டி அகழிக்குள் தள்ளியது. அதை எட்டி எடுத்து முடிய மழை தொடங்கியது. ஸ்வீடன் மழைக்கு ஒரு முன்னறிவித்தலும் கிடையாது. மூன்று பேரும் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினோம்.

கதவில் நின்று ஆட்களை உள்ளே விட்டவரைப் பார்த்தேன். அதே இறப்பர்ச் சப்பாத்து, அதே சிரிப்பு. "பிர்கித்தா," என்று கை நீட்டினார். "இது என் வீடு. வாருங்கள், இன்று நான் கைவண்டி கொண்டுவரவில்லை."

5

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. அதனால் சுற்றிப் பார்த்தேன்.

பிர்கித்தா கதைத்தது தென் ஸ்வீடன் பேச்சு. மெதுவாகச் சொன்னால் டேனிஷ் தெரிந்தவர்களுக்கு விளங்கும். முதலில் கீழே சமையற்கட்டுக்குக் கூட்டிப் போனார். சுவர் ஒரு ஆள் நீளத் தடிப்பு. முற்றுகை வந்தால் வெளியே போகாமல் தண்ணீர் அள்ள வீட்டுக்குள்ளேயே கிணறு. பக்கத்தில் பாண் அடுப்பு. அதற்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஒரே நேரத்தில் நூறு பாணாவது போடலாம். எங்கள் தொழிற்சாலையில் முன்பு இருந்த அடுப்பைவிட வாய் நன்றாக அமைந்திருந்தது. கரிபடிந்த தலையோடு நான் வெளியே வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். வதனி சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது கொஞ்சம் நல்ல அறிகுறி.

மாளிகை சேற்று நிலத்தில் நிற்கிறது. கட்டுவதற்கு முன் ஓக் மரங்களை வெட்டி, கூராக்கி, சேற்றுக்குள் வரிசையாக இறக்கி, அவற்றின்மேல்தான் அத்திவாரம். மரம் தண்ணீருக்குள் இருக்கும்வரை உக்காதாம். "அகழி எதிரிகளுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்," என்றார் பிர்கித்தா. "தண்ணீர் வற்றினால் வீடு விழும்."

மேலே பீங்கான் ஓடு பதித்த உயரமான கணப்புகள். சுவருக்குள் ஒளித்த ஒடுங்கிய படிக்கட்டு, அதில் நிலானியின் சேலை மாட்டி ஐந்து நிமிடம் ஊர்வலம் தடைப்பட்டது. வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த துரைமாரின் ஓவியங்கள். "இவரு எங்க மேனேஜர் மாதிரியே இருக்காரு," என்றார் கார்த்திக். கதிரைகள் எல்லாவற்றிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது, யாரும் உட்காரக்கூடாது.

பெரிய மண்டபத்தில் பிர்கித்தா ஒரு கேள்வி கேட்டார். "இந்த வீட்டைக் கட்டியவர் எந்த நாட்டவர்?"

"ஸ்வீடன்," என்றோம் எல்லோரும்.

"இல்லை. டேனிஷ்காரர்."

இந்தப் பகுதி முழுவதும் நூற்றாண்டுக் கணக்கில் டென்மார்க்காகத்தான் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு போரில் டென்மார்க் தோற்றது, ஒப்பந்தம் எழுதினார்கள், நிலம் கைமாறியது. வீட்டுக்காரர் நித்திரைக்குப் போனபோது டென்மார்க், எழும்பியபோது ஸ்வீடன். அப்போது இந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டு கடல் தாண்டி டென்மார்க்குக்குப் போய்விட்டார். தம்பி இருந்து, புது அரசருக்குச் சத்தியம் செய்தார். அண்ணன் டேனிஷில் கடிதம் எழுதினார். தம்பி டேனிஷில் பதில் எழுதினார். தம்பியின் பிள்ளைகள் ஸ்வீடிஷில் பதில் எழுதினார்கள். பேரப்பிள்ளைகள் எழுதவேயில்லை. வீட்டில் சொல்லிவரும் கதை இது என்றார் பிர்கித்தா.

நாங்களாவது நாட்டைவிட்டு வந்தோம். இவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், நாடு இவர்களை விட்டுப் போயிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் செய்த வேலை ஒன்றுதான். அன்று காலையில் ஆரணியைப் போனில் எடுத்து, ஏன் எங்களைக் கேட்காமல் கிர்ஸ்டனுக்குச் சொன்னாய் என்று தமிழில் ஏசினேன். அவள் டேனிஷில், "பத்திரத்தில் இருப்பதைச் சொன்னேன். அம்மாவுக்கும் அதுதான் நாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். டேனிஷில் வந்தாலும் அந்த வசனம் அவளுடைய அம்மாவின் குரலில் இருந்தது.

"அப்போ அந்தத் தம்பிக்குக் கலியாணம் எந்த நாட்டுல நடந்துச்சு?" என்று கேட்டார் கார்த்திக். நிலானி அதை டேனிஷில் மாற்றிச் சொன்னாள்.

"ஒப்பந்தம் எழுதிய வருடத்தில்தான்," என்றார் பிர்கித்தா சிரித்துக்கொண்டே. "எந்த நாட்டில் என்று அந்த வீட்டிலேயே சண்டை நடந்திருக்கலாம்."

வதனி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல மரவேலைப்பாடு.

6

சுற்றிக்காட்டல் முடிந்து ஆட்கள் வாஃபிளுக்காக இறங்கினார்கள். நிலானியும் கார்த்திக்கும் அவர்களோடு போனார்கள். பிர்கித்தா வதனியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கொஞ்சம் நில். உன்னை எனக்குத் தெரியும். இன்று மஞ்சள் சேலையில் வந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. மேலே வா, ஒன்று காட்ட வேண்டும்."

என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் போனேன்.

மேல்மாடியில் ஒரு சிறிய அறை. யன்னலுக்கு வெளியே அகழி, ஊதாப் பூக்கள், நான் எப்போதும் பொம்பிளைகளை நிறுத்தும் அதே மரம். மழை விட்டிருந்தது. பிர்கித்தாவின் கணவர் ஏரிக்கின் கால்கள் இயங்காமல் போன பிறகு இந்த யன்னல்தான் அவருடைய உலகமாக இருந்ததாம். இரண்டு குளிர்காலத்துக்கு முன் இறந்துபோனார். அதுவரை யன்னலில் தெரிந்ததையெல்லாம் ஒரு சின்னக் கமராவில் எடுத்தார். கொக்கு, பனி, மான், சனிக்கிழமைகளில் நாங்கள்.

"உங்கள் சனிக்கிழமைகளுக்காகக் காத்திருப்பார்," என்று ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினார் பிர்கித்தா.

பொம்பிளைகளின் படங்கள் என்றுதான் நினைத்தேன். பொம்பிளைகள் மரநிழலில் பாதி மறைந்திருந்தார்கள். மேலிருந்து பார்க்கும்போது வெட்டவெளியில் முழுதாகத் தெரிந்தவள் வதனி. எல்லாப் படத்திலும் வதனி. நீலக் குளிர்ச்சட்டையில் வதனி, காற்றில் பலகையோடு மல்லுக்கட்டும் வதனி, தலையில் பொலித்தீன் பை கட்டிய வதனி, நரைமுடி தொடங்கிய வதனி. நானும் இருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஒரு படத்தைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. பிர்கித்தா வாசித்தார். "அவள் இன்றும் வந்திருக்கிறாள்." இன்னொன்றில், "பலத்த காற்று. விடவில்லை." இன்னொன்றில், "அவளுக்குக் குளிர்கிறது. யாரும் கவனிக்கவில்லை."

வதனி ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இஞ்ச பாருங்கோ, இந்தச் சட்டை எங்க போச்சுது? நல்ல சட்டை," என்றாள். பிறகு கீழே கிடந்த இன்னொன்றை எடுத்தாள். அதைக் கீழே வைக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். மட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய அந்த முதல் பலகை. அதை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறாள். ஆரணி வயிற்றில், ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ. அப்படி ஒருநாள் அவளை நிறுத்தி வைத்தேன் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கலியாணத்தின் பொம்பிளை மாப்பிள்ளை பெயர், எந்த லென்ஸ் போட்டேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பிர்கித்தா படத்தின் பின்பக்கத்தை வாசித்தார். "மூன்று மணிநேரமாக நிற்கிறாள். யாராவது அவளுக்கு ஒரு கதிரை கொடுக்கலாம்."

"அன்று ஏரிக் என்னை விரட்டினார்," என்றார். "கதிரையைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியெல்லாம் இறங்கினேன். நான் கீழே வர நீங்கள் போய்விட்டீர்கள்."

நான் வெட்கப்பட்டேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு மனிதன், நடக்க முடியாதவன், என் மனைவி நிற்கிறாளே என்று கவலைப்பட்டிருக்கிறான். அவளை நாட்டுக்கு எடுத்தவன் நான், தாலி கட்டியவன் நான், பிள்ளை என்னுடையது. எனக்கு வெளிச்சம்தான் முக்கியமாக இருந்திருக்கிறது. வெள்ளவத்தையில் ஓர் அறையில் பதினான்கு மாதம் காத்திருந்ததையும் இப்படித்தான் பேப்பர் என்று தள்ளிவிட்டேன்.

வதனி இன்னும் நின்றுகொண்டுதான் படங்களைப் பார்த்தாள். அறையில் இருந்த ஒரே கதிரைக்கும் சிவப்புக் கயிறு. பிர்கித்தாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். கயிற்றை அவிழ்த்து, கதிரையைத் தூக்கி வந்து அவளுக்குப் பின்னால் வைத்தேன்.

"இரும், வதனி."

அவள் கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் இருந்த படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிர்கித்தா கண்ணைத் துடைத்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "நீங்கள் இரண்டு பேரும் கலியாணம் செய்து எத்தனை வருடம்?" என்று கேட்டார்.

"இருபத்தைந்து," என்றேன். "இன்றோடு."

வதனி நிமிர்ந்தாள். பிர்கித்தாவுக்கு விளங்காதபடி தமிழில், மெல்லக் கேட்டாள்.

"என்ன சொன்னியள்? திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.